அடையாறு எந்தப் பக்கம் ஓடுகிறது?

சென்னை திரு.வி.க. பாலத்தில் நின்று கீழே பார்த்தால் சில நாள் ஒரு வேடிக்கை தெரியும். ஒரு கொத்து ஆகாயத்தாமரை, இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், கொஞ்சம் தெர்மாகோல், எல்லாம் கூட்டணி போட்டுக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டிக் கோட்டூர்புரம் பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். காற்று தள்ளுகிறது என்று நினைப்போம். காற்று அடங்கிய நாளிலும் அப்படித்தான் போகும். ஆறு மணி நேரம் கழித்து அதே இடத்துக்கு வந்தால் குப்பை திரும்பிக் கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும்.

மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது ஆறு என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அது சரிதான். ஆனால் கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் எது மேடு, எது பள்ளம் என்பதைக் கடல் தினமும் நான்கு முறை மாற்றி எழுதுகிறது. அப்படி மாற்றி எழுதப்படும் ஆற்றுப் பகுதிக்குத்தான் கழிமுகம் என்று பெயர். அடையாறு சின்ன ஆறு, மொத்தமே 42 கிலோமீட்டர் அளவுதான். கழிமுகம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இதைவிட வசதியான ஆறு கிடைக்காது. பாலம், பேருந்து, நடைபாதை எல்லாம் இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொள்ள ஒரு கைக்குட்டை மட்டும் வேண்டும்.

முதலில் ஓதம். நிலாவும் சூரியனும் இழுப்பதால் கடல்மட்டம் ஏறி இறங்குவதுதான் ஓதம். கரையில் வந்து உடையும் அலை வேறு, இது வேறு. அலை சில விநாடிகளில் வந்து போய்விடும். ஓதத்தில் கடல் முழுக்க மெல்ல உயர்ந்து, மெல்லத் தாழும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இன்று பார்த்த ஏற்றம் நாளை சுமார் 50 நிமிடம் தள்ளித்தான் வரும், நிலா தினமும் அவ்வளவு தாமதமாக உதிப்பதைப் போல.

அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும்; இழுப்பு கூடும்; ஓதம் பெரிதாகும். அரை நிலாவாக இருக்கும் அஷ்டமியை ஒட்டி அது சுருங்கிவிடும். சென்னைக் கடற்கரையில் பெரிய ஓதத்தின்போதுகூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டர் சுமார்தான். குஜராத்தின் காம்பே வளைகுடாவில் பத்து மீட்டர் ஏறி இறங்குவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் தரை தட்டையாக இருக்கும் ஊரில் ஒரு மீட்டர் தண்ணீர் வெகுதூரம் போகும். அடையாறு தொடங்கும் இடத்திலிருந்து கடல் வரை சராசரியாகக் கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம்கூடக் கிடையாது. கடைசிச் சில கிலோமீட்டரில் அந்த இறக்கமும் இல்லை. கடல் அரை மீட்டர் ஏறினால் போதும், தண்ணீர் பின்பக்கமாக நடக்க ஆரம்பித்துவிடும்.

சரி, ஆற்றின் மேல்பக்கத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். தாம்பரத்துக்கு மேற்கே ஆதனூர், மணிமங்கலம் பகுதி ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறு. மலையும் இல்லை, ஊற்றும் இல்லை. ஒரு ஏரி நிரம்பிக் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போய், அதுவும் நிரம்பி, கடைசியில் ஓர் ஓடையாக இறங்கும் தண்ணீர் இது. திருநீர்மலைக்குப் பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியின் உபரிநீரும் வந்து சேரும். திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு வந்தபோது மலையைச் சுற்றித் தண்ணீர் நின்றதால், அது வடிவதற்கு ஆறு மாதம் காத்திருந்து தரிசித்தார் என்று தலவரலாறு சொல்கிறது. வரலாற்று ஆதாரமாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்த ஆற்றின் குணத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை: பாதி வருஷம் ஏரி, பாதி வருஷம் மண்.

அப்புறம் மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை. விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை இந்த ஆற்றுக்கு மேலே பாலம் போட்டுத்தான் போகிறது. கோட்டூர்புரம் தாண்டியதும் ஆறு அகலமாகி, வேகம் செத்து, ஏரி மாதிரி ஆகிவிடுகிறது. கடல் ஆரம்பிப்பது பட்டினப்பாக்கத்தில் என்று நாம் நினைக்கிறோம். ஓதத்தைக் கேட்டால் அது கோட்டூர்புரம் பக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லும்.

உள்ளே வரும் கடல்நீர் ஆற்றுநீரோடு உடனே கலந்துவிடுவதும் இல்லை. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது, அதனால் கனம். அது அடியில் ஆப்பு போல நுழையும், லேசான நன்னீர் அதற்கு மேலே மிதந்துகொண்டு கடலுக்குப் போகப் பார்க்கும். ஒரே இடத்தில் மேல்தண்ணீர் கிழக்கே, அடித்தண்ணீர் மேற்கே என்று போகும் நேரமும் உண்டு. மழைக்காலத்தில் நன்னீர் இந்த ஆப்பைக் கடல் வாசலுக்கே துரத்திவிடும். கோடையில் எதிர்க்க ஆளில்லாமல் ஆப்பு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆகாயத்தாமரையைக் கவனித்தால் இது கண்ணுக்கே தெரியும். மேலே பச்சைப்பசேலென்று படர்ந்து கிடப்பது, முகத்துவாரத்தை நெருங்க நெருங்கப் பழுத்து, கறுத்து, அழுகி மிதக்கும். அதற்கு உப்பு ஆகாது. மடவை மீனுக்கு இரண்டும் ஆகும். கடலில் முட்டையிட்டு, குஞ்சாகக் கழிக்குள் வந்து வளர்ந்து, மறுபடியும் கடலுக்குப் போகிற மீன் அது. இறாலும் அப்படித்தான். இந்தப் போக்குவரத்துக்கு ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது.

அந்த வாசல்தான் முகத்துவாரம். இந்த ஆற்றின் கதை முழுக்க அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

வடக்கே பட்டினப்பாக்கம் சீனிவாசபுரம், தெற்கே ஊரூர் குப்பம். நடுவில் ஆறு கடலில் சேரும் இடம். வாசல் என்றால் நிலையான வாசல் இல்லை. சில மாதம் அகலமாக இருக்கும். சில மாதம் ஒரு கால்வாய் அளவுக்குச் சுருங்கும். கோடை முற்றினால் சில வருஷங்களில் மூடியே போகும், இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு மணலிலேயே நடந்துவிடலாம். பிறகு அரசு பொக்லைனை அனுப்பி வெட்டித் திறக்கும். அடுத்த கோடைக்கு மறுபடியும் மூடும். வெட்டுகிறவர்கள் சரியாக வெட்டவில்லை என்று திட்டுவது சுலபம். ஆனால் மணலுக்கும் தண்ணீருக்கும் நடக்கும் ஒரு கணக்கு அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

மணல் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடலிலிருந்து. நம் கிழக்குக் கரையில் அலை கரைக்கு நேராக வந்து மோதுவதில்லை, கொஞ்சம் சாய்வாக மோதும். மோதும்போது மணலைச் சாய்வாக ஏற்றும், திரும்பும்போது நேராக இறக்கும். ஒவ்வொரு அலைக்கும் ஒரு மணல்துகள் சில அங்குலம் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். ஏறக்குறைய மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை தெற்கிலிருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளுகிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் திசை மாறித் தெற்கே தள்ளுகிறது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் வடக்கே போவதுதான் அதிகம். இந்த மணல் ஓட்டத்துக்குச் சாட்சி மெரினா. 1870-களின் பிற்பாதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைப் போட்டுச் சுவர் எழுப்பத் தொடங்கிய பிறகு, வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அதில் முட்டித் தெற்கே குவிந்தது. 1884-ல் ஆளுநர் கிராண்ட் டஃப் அங்கே நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். சுவருக்கு வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வரத்து நின்று கடல் கரையைத் தின்றது. துறைமுகத்தின் காலடியில் இருக்கும் கூவம் முகத்துவாரம் அடையாற்றைவிட மோசமாக அடைபடுவதற்கும் அந்தச் சுவர் முக்கியமான காரணம்.

இப்படி வடக்கே போகிற மணலுக்கு அடையாற்று வாசல் ஒரு பள்ளம். பெரும்பாலும் தெற்குக் கரையிலிருந்து ஒரு நாக்கு போல மணல்திட்டு வளர்ந்து வாசலைக் குறுக்கிக்கொண்டே வரும். அதை அரித்து வெளியே தள்ள இரண்டு பேர் உண்டு. ஒன்று மழை வெள்ளம், அது ஆண்டில் சில வாரம்தான் வரும். இன்னொன்று ஓதம், தினமும் வேலைக்கு வரும்.

ஓதத்தின் வேலை எவ்வளவு என்று ஒரு சும்மா கணக்கு போடலாம். ஓதநீர் பரவும் பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கடலில் ஒரு மீட்டர் ஏறினாலும் குறுகிய வாசல் வழியாக உள்ளே வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் உள்ளே அரை மீட்டர்தான் ஏறுகிறது என்று கொள்வோம். அதுவே 5 லட்சம் கன மீட்டர், அதாவது 50 கோடி லிட்டர். நம் ஊர்த் தண்ணீர் லாரியில் 12,000 லிட்டர் பிடிக்கும் என்றால் நாற்பதாயிரம் லாரிக்கு மேல். ஆறு மணி நேரத்தில் உள்ளே வந்து, அடுத்த ஆறு மணி நேரத்தில் வெளியே போகிறது. விநாடிக்குச் சராசரி 800 கன அடி கணக்கு வரும். மழையே பெய்யாத மே மாதத்தில், மேலே ஆறு காய்ந்து கிடக்கும்போது, வாசலில் இவ்வளவு தண்ணீர் போய் வருகிறது! வாசலைத் திறந்து வைத்திருக்கும் துடைப்பம் இதுதான்.

இப்போது அந்த ஒரு சதுர கிலோமீட்டரில் பாதியைத் தூர்த்துவிடுங்கள். கட்டடம் கட்டுங்கள், குப்பை கொட்டுங்கள், சேறு படிய விடுங்கள். பரப்பு பாதியானால் உள்ளே வரும் ஓதநீரும் பாதி. துடைப்பத்தின் பலமும் பாதி. மணல் கொஞ்சம் ஜெயிக்கும், வாசல் குறுகும். குறுகிய வாசலில் ஓதம் இன்னும் குறைவாக வரும். அதனால் வாசல் இன்னும் குறுகும். இந்தச் சுழல்தான் முகத்துவாரம் மூடுவதன் சூத்திரம். பொக்லைன் வெட்டுவது வாசலை மட்டும்தான், உள்ளே இடம் இருந்தால்தான் வெட்டிய வாசல் நிற்கும். முட்டுக்காட்டிலும் எண்ணூரிலும் இதே கதைதான்.

வாசல் மூடினால் என்ன நடக்கும் என்பதைச் சென்னைவாசிகளின் மூக்கு அறியும். ஓதம் வராவிட்டால் தண்ணீர் மாறாது. கழிவுநீர் சேர்ந்துகொண்டே இருக்கும், அதில் கரைந்த ஆக்சிஜன் தீரும், அழுகிய முட்டை வாசனை கிளம்பும். திறந்த சில நாளிலேயே வித்தியாசம் தெரியும். ஆற்றைச் சுத்தம் செய்ததால் அப்படி ஆவதில்லை, அழுக்கைக் கடல் வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். இதைச் சாதனையாகச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

கொஞ்சம் வரலாறு. இந்த ஆற்றைக் கடப்பதுதான் அதன் வரலாற்றில் பாதி. சைதாப்பேட்டையில் 1726-ல் பாலம் கட்டியவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற அர்மீனிய வணிகர், சொந்தக் காசில். பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்ததும் அவர்தான். மர்மலாங் பாலம் என்று அதற்குப் பெயர். இன்று அந்த இடத்தில் இருப்பது மறைமலை அடிகள் பாலம். மர்மலாங், மறைமலை என்று காதில் ஒன்றுபோல விழுந்தாலும் இரண்டும் வேறு வேறு.

அதற்கு இருபது வருஷம் கழித்து, 1746 அக்டோபரில், இந்தக் கழிமுகத்தில் ஒரு சண்டை நடந்தது. சென்னைப் பட்டினத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்திருந்த நேரம். ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கான் பெரும்படையோடு வடகரையை மறித்து நின்றார். புதுச்சேரியிலிருந்து பரதி என்ற தளபதி, பிரெஞ்சுச் சிப்பாய்களும் அவர்களிடம் பயிற்சி பெற்ற இந்தியச் சிப்பாய்களுமாகச் சுமார் ஆயிரம் பேரை மட்டும் கூட்டிக்கொண்டு வந்து, ஆற்றில் இறங்கியே கடந்து, எதிரியைச் சிதறடித்தார். பயிற்சி பெற்ற சிறுபடை பெரும்படையை வெல்லும் என்று ஐரோப்பியர்களுக்கு நம்பிக்கை வந்த இடம் இது என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுவார்கள். எனக்கு அந்தச் சண்டையில் பிடித்த விவரம் வேறு: படை நடந்தே கடக்கும் அளவுக்கு அன்றும் ஆறு அங்கே ஆழமில்லாமல்தான் இருந்திருக்கிறது. மறித்து நிற்க ஆற்றை நம்பியவர் ஏமாந்தார்.

1840-ஐ ஒட்டி, கழிமுகத்தின் மேலேயே எல்பின்ஸ்டன் பாலம் வந்தது. 1877-78-ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது, பசித்தவர்களுக்கு வேலை கொடுக்கக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டர் கால்வாய் வெட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆனது. படகு போக வெட்டிய உப்புநீர்க் கால்வாய் அது, அதற்கும் தண்ணீர் தந்தது ஓதம்தான். 1882-ல் தென்கரையில் பிரம்மஞான சபை இடம் வாங்கியது. அங்கே இருக்கும் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. அந்தச் சபையின் தோப்பு இருப்பதால்தான் தென்கரையில் கொஞ்ச தூரமாவது ஆறு ஆறு போல இருக்கிறது.

1973-ல் திரு.வி.க. பாலம் வந்ததும் எல்பின்ஸ்டன் பாலம் ஓய்வு பெற்றது, ஆனால் ஆற்றை விட்டுப் போகவில்லை. நெருக்கமாகத் தூண் வைத்த பழைய பாலம் தண்ணீருக்கு ஒரு சீப்பு மாதிரி. உள்ளே வரும் ஓதத்தையும் பிடிக்கும், வெளியே போகும் சேற்றையும் பிடிக்கும். கடலோரத்தில் இருக்கிறது உடைந்த பாலம். மீனவர்கள் கரைமாறிப் போவதற்காக 1967-ல் கட்டினார்கள், பத்து வருஷத்தில் வெள்ளம் ஒரு பகுதியைச் சாய்த்துவிட்டது. சினிமாக்காரர்கள் வந்து பாட்டு எடுப்பது தவிர அதற்கு இப்போது வேறு வேலை இல்லை. மாதத்துக்கு மாதம் இடம் மாறுகிற வாசலில் நிலையான தூணை நட்டால் அதுதான் நடக்கும்.

வெள்ளத்துக்கு வருவோம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அது போக ஏரிகளெல்லாம் நிரம்பி வழிந்த தண்ணீர் தனி. மேலே நாம் போட்ட 800 கன அடி ஓதக் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணப்பாக்கம், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் மூழ்கின. மணல்திட்டு அத்தனையும் ஒரே இரவில் கடலுக்குப் போயிருக்கும் என்பதில் சந்தேகமில்லை, ஆனால் அதற்குள் தண்ணீர் பல வீடுகளின் மாடியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அந்த வெள்ளத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. அந்த வருஷம் திருக்கார்த்திகை தீபம் நவம்பர் 25. அதாவது பௌர்ணமி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. ஓதம் சுருங்கிக்கொண்டிருந்த நேரம். அதே மழை தீபத்தன்று பெய்திருந்தால், ஒவ்வொரு ஏற்றத்தின்போதும் வாசலில் கடல் இன்னும் உயரமாக நின்றிருக்கும். அடையாறு, பட்டினப்பாக்கம் போன்ற கடைசிப் பகுதிகளுக்கு அது கூடுதல் கஷ்டம். சைதாப்பேட்டைக்குப் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது, அவ்வளவு தண்ணீருக்கு முன்னால் ஓதம் எம்மாத்திரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது ‘கடல் தண்ணீரை வாங்கவில்லை’ என்ற பேச்சை எல்லோரும் கேட்டோம். அப்போதும் பௌர்ணமி கிடையாது. புயல் கரைக்கு அருகே மெதுவாக நகர்ந்ததால், காற்றும் குறைந்த காற்றழுத்தமும் கடல்மட்டத்தை உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆற்றைப் பொறுத்தவரை அது பல மணி நேரம் இறங்காமல் நின்ற ஓர் ஏற்றம். கடல் வாங்குவது என்றால் என்ன? உள்ளே மட்டம் உயரம், வெளியே தாழ்வு, நடுவில் அகலமான வாசல். மூன்றில் ஒன்று தவறினாலும் வாங்காது.

2004 சுனாமி இதே வாசல் வழியாக எதிர்த்திசையில் வந்தது. சீனிவாசபுரம் அதில் பட்ட பாடு ஊர் அறிந்தது.

ஓதத்துக்கு இடம் திருப்பிக் கொடுத்த கதையும் ஒன்று உண்டு. குயிபிள் தீவைச் சுற்றி வடகரையில் ஒரு சிற்றோடை வளைந்து போகிறது. குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டித் தூர்ந்துபோன அதில் 58 ஏக்கரைத் தோண்டிச் சுத்தம் செய்து, கண்டல் செடி (சேற்றில் வளரும் அலையாத்தி) நட்டு, 2011-ல் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். நெய்தல் பாட்டுகளில் வரும் கழி எப்படி இருக்கும் என்று பார்க்க மெனக்கெட்டுப் பிச்சாவரம் போக முடியாதவர்கள் இங்கே பார்க்கலாம். வற்றத்தின்போது சேற்றில் நண்டு வளைகள் வாய் திறந்து தெரியும். ஏற்றம் வந்தால் அதே இடத்தில் மடவைக் குஞ்சுகள் மேயும்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அமாவாசைக்கு மறுநாள் காலண்டரைக் கிழித்துவிட்டு, காலையில் ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு தடவையும் ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு தடவையும் திரு.வி.க. பாலத்துக்குப் போங்கள். கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று தூணைப் பாருங்கள். தூணில் ஈரம் ஏறிய கறுப்புக் கோடு இருக்கும். இரண்டு தடவையும் தண்ணீர் கோட்டுக்கு ஒரே இடத்தில் நின்றால், கிழக்கே தள்ளி வாசல் மூடிக் கிடக்கிறது. ஒரு தடவை கோட்டைத் தொட்டும், அடுத்த தடவை ஒரு முழம் கீழேயும் இருந்தால் திறந்திருக்கிறது. கடற்கரை வரை போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை.